பழுது, கணக்கு, அதிகாரம்: எந்திரப் பராமரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

உற்பத்தி பற்றி நாம் நிறையவே எழுதியாயிற்று. உற்பத்திச் சக்திகள், உற்பத்தி உறவுகள், உபரி, அந்நியமாதல் என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பல வருஷங்களாக விவாதித்து வந்திருக்கின்றன. ஆனால் உற்பத்தி செய்கிற எந்திரம் நாளைக்கும் ஓடவேண்டும் என்றால் இன்றைக்கு யாரோ ஒருவர் அதைத் துடைக்கணும், கிரீஸ் அடிக்கணும், திறந்து பார்க்கணும். இந்த வேலையைப் பற்றி நம் கோட்பாட்டு எழுத்துகளில் அநேகமாக ஒன்றும் இல்லை. மார்க்ஸ் இதைக் கவனிக்காமல் விடவில்லை. எந்திரத்தைச் சுத்தம் செய்கிற வேலையைத் தொழிலாளர்கள் தங்கள் இடைவேளையில் கூலி இல்லாமல் செய்கிறார்கள், அதனாலேயே பல சமயம் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யவேண்டியிருக்கிறது, விபத்துகளுக்கு அதுவே பெரிய காரணமாகிறது என்று மூலதனம் இரண்டாம் பாகத்தில் அவர் எழுதுகிறார். சரக்கின் விலையில் இந்த உழைப்பு இடம்பெறுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்த இழையைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே போகவில்லை.

பெரிய ஆலைகளில் இன்று பராமரிப்பைத் தீர்மானிக்கிற இரண்டு முறைகளைப் பற்றி இங்கே விளக்க முயல்கிறேன். ஒன்று, நம்பகத்தன்மையை மையமாகக் கொண்ட பராமரிப்பு, ஆலைகளில் ஆர்.சி.எம். என்பார்கள். மற்றது ஆபத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனை, ஆர்.பி.ஐ. என்பார்கள் (ரிசர்வ் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இரண்டுமே பார்வைக்கு வெறும் பொறியியல் சமாச்சாரங்கள்தான். ஆனால் எது உடையலாம், எது உடையக்கூடாது, உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கிற சொல்லாடல்கள் இவை. இவற்றைச் சும்மா ‘முதலாளித்துவ உத்தி’ என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. அப்படி ஒதுக்குகிறவர்கள் வாதம் புரியவேண்டிய இடத்தில் வாதம் புரியாமல் வெளியேறிவிடுகிறார்கள்.

1

முதலில் பழைய நம்பிக்கையைப் பார்ப்போம். எந்திரத்துக்கும் மனுஷனைப் போல வயசாகும். குறிப்பிட்ட வயசு வரை நன்றாக உழைக்கும். அதற்குப் பிறகு தேய்ந்து உடையும். எனவே அந்த வயசு வருவதற்குள் பிரித்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுவிட்டால் பழுதே வராது. காலக்கெடு வைத்து ஓவர்ஹால் செய்வதன் தத்துவம் இவ்வளவுதான். வருமுன் காப்பது நல்லது என்று நாம் பழகிவந்த பொதுப்புத்தியும் இதையே சொல்கிறது.

இந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது இரண்டாம் உலகப் போரின்போது. பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்ததைவிட ஒர்க்ஷாப்பில் கிடந்த நேரம் அதிகமாக இருந்தது. அங்கே ஆய்வாளராக இருந்தவர் சி.எச். வாடிங்டன். கருவியல் துறையில் பெயர்பெற்ற உயிரியலாளர் இவர். பழுதுகள் எப்போது வருகின்றன என்று அவர் குழு வரைந்து பார்த்தது. ஐம்பது மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை நடக்கும் சோதனை முடிந்த உடனேயே பழுதுகள் கூடுகின்றன, அப்புறம் நாளாக நாளாகக் குறைகின்றன என்று தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டியதுதான் பழுதுக்குக் காரணம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. போர்க்கால ஆய்வு என்பதால் இந்த விவரங்கள் அடங்கிய வாடிங்டனின் நூல் 1973-இல்தான் வெளிவந்தது.

இதற்கிடையில் அமெரிக்க விமானக் கம்பெனிகள் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 1960-இல் அந்நாட்டு விமானத்துறை நிர்வாகமும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. இரண்டு விஷயங்களை அக்குழு கண்டறிந்தது. சிக்கலான ஒரு கருவிக்கு, அதில் ஒரேயொரு பழுதுவகை மேலோங்கி நின்றாலொழிய, காலக்கெடு ஓவர்ஹாலால் பெரிய பயன் இல்லை. மேலும், எந்தக் காலக்கெடுப் பராமரிப்பும் பலன் தராத கருவிகள் ஏராளமாக இருக்கின்றன. 1968-இல் போயிங் 747-க்கான பராமரிப்புத் திட்டம் இந்தப் புதிய பார்வையில் எழுதப்பட்டது. பிறகு 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில் இந்த முறைக்கு அதன் இன்றைய பெயர் கிடைத்தது.

அந்த அறிக்கையில் ஓர் ஒப்பீடு வருகிறது. பழைய முறையில் டி.சி.-8 விமானத்தில் 339 உறுப்புகளுக்குக் காலக்கெடு ஓவர்ஹால் விதிக்கப்பட்டிருந்தது. புதிய முறையில் டி.சி.-10 விமானத்தில் ஏழே ஏழு. டி.சி.-8-இன் பெரிய உடற்கட்டுச் சோதனைகளுக்கு முதல் 20,000 பறத்தல் மணிகளுக்குள் 40 லட்சம் ஆள்மணி உழைப்பு தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய 747-க்கு 66,000 ஆள்மணி போதுமாக இருந்தது. பாதுகாப்பு குறையவில்லை. ஆனால் 40 லட்சம் எங்கே, 66,000 எங்கே? இந்த வித்தியாசத்தை மூலதனம் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களையும் மனசில் வைத்திருப்பது நல்லது.

2

இந்த முறை எப்படி யோசிக்கிறது? ‘இந்த எந்திரத்தை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பிரிக்கணும்’ என்று அது ஆரம்பிப்பதில்லை. இந்த எந்திரம் இங்கே எதற்காக இருக்கிறது, அந்த வேலையை அது எந்தெந்த விதத்தில் செய்யத் தவறலாம், ஒவ்வொரு தவறுதலுக்கும் காரணம் என்ன, தவறினால் என்ன நடக்கும், அது எந்த வகையில் முக்கியம், முன்கூட்டித் தடுக்க என்ன செய்யலாம், தடுக்க வழியே இல்லையென்றால் என்ன செய்வது? இப்படி ஏழெட்டுக் கேள்விகள். பராமரிப்பின் இலக்கு எந்திரம் அல்ல, எந்திரம் செய்கிற காரியம் என்ற நகர்வு இதில் இருக்கிறது. சாராம்சத்திலிருந்து செயல்பாட்டுக்கு நகர்வது என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம்.

வயசுக் கோட்பாட்டை அந்த அறிக்கை புள்ளிவிவரத்தோடு உடைத்தது. விமான உறுப்புகளின் பழுதுகளை வரைபடமாக்கியபோது ஆறு வடிவங்கள் கிடைத்தன. வயசானால் பழுது கூடும் என்ற தோற்றம் தரும் மூன்று வடிவங்களும் சேர்ந்து 11 சதவீதம்தான். மீதி 89 சதவீதத்துக்கும் வயசுக்கும் சம்பந்தமில்லை. அதிலும் 68 சதவீதம் உறுப்புகள் புதுசாக மாட்டியவுடன்தான் அதிகம் பழுதாகின்றன. அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு ஒரே சீராக இருக்கின்றன. பொறியாளர்கள் இதைச் ‘சிசு மரணம்’ என்கிறார்கள். அடிக்கடி புதுசு மாட்டுவது என்பது அந்தச் சிசுப் பருவத்தைத் திரும்பத் திரும்ப வரவழைப்பதாகிறது. ஒன்றைக் கவனிக்கணும்: இது விமானக் கருவிகளின் கணக்கு. அமிலம் ஓடுகிற பைப்புக்கும் கல்லை அரைக்கிற எந்திரத்துக்கும் இந்தச் சதவீதங்கள் அப்படியே பொருந்தவேண்டும் என்று இல்லை. ஆனால் எல்லா ஆலைகளிலும் ஏதோ இயற்கை விதி மாதிரி இந்த 11-ஐயும் 89-ஐயும் திரையில் காட்டிப் பேசுகிறார்கள்.

வயசை நம்பமுடியாது என்றால் வேறு எதை நம்புவது? அறிகுறியை. பேரிங் உடைவதற்கு முன் அதிரும், பிறகு சத்தம் போடும், பிறகு சூடாகும். முதல் அறிகுறி தெரிவதற்கும் முழுசாக உடைவதற்கும் இடையில் ஒரு கால அளவு இருக்கிறது. சோதனையின் இடைவெளி இந்தக் கால அளவைவிடச் சிறிதாக இருக்கவேண்டும். இது எளிமையான விஷயம். ஆனால் பலரும் தடுமாறுவது இங்கேதான். ‘பத்து வருஷத்தில் ஒரு தரம்கூட உடையவில்லையே, எதுக்கு மாசாமாசம் பார்க்கணும்?’ என்று மேனேஜர் கேட்பார். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை உடைகிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. உடைய ஆரம்பித்தால் எவ்வளவு வேகத்தில் உடையும் என்பதே கேள்வி.

அடுத்தது விளைவுகள். நான்காகப் பிரிக்கிறார்கள்: உயிருக்கு ஆபத்தானவை, உற்பத்தியைப் பாதிப்பவை, ரிப்பேர்ச் செலவோடு முடிபவை, மறைந்திருப்பவை. செலவோடு முடிகிற பழுதுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டு, உடைந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து என்றால், தடுக்கும் வழி கிடைக்காதபோது எந்திரத்தின் வடிவமைப்பையே மாற்றியாகணும். அங்கே செலவுக் கணக்குக்கு இடமில்லை என்று மூல அறிக்கை கறாராகச் சொல்கிறது. இந்தக் கறார்த்தன்மை பிற்பாடு எப்படிக் கரைந்தது என்பதே இக்கட்டுரையின் கவலை.

மறைந்திருக்கும் பழுது என்றால் என்ன? பாதுகாப்புக் கருவிகள் சாதாரண நாட்களில் சும்மா இருக்கின்றன. அழுத்தம் எல்லை மீறினால் திறக்கவேண்டிய வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆலை ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறுகிற அன்றைக்குத்தான் தெரியும். எனவே அவ்வப்போது சோதித்துப் பார்க்கணும். இதற்கு ஒரு சுமாரான கணக்கு உண்டு. சராசரியாகப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை செயலிழக்கும் வால்வை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தால், எந்த ஒரு நாளிலும் அது செத்துக் கிடப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. சோதனையை நாலு வருஷத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போட்டால் நூற்றுக்கு இருபது. தள்ளிப்போட்ட அன்று ஆலையில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. சேமிப்பு மட்டும் அன்றே கணக்கில் ஏறிவிடும்.

போபாலை இந்த வகைப்பாட்டின் வழியாகத் திரும்ப வாசிக்கலாம். 1984 டிசம்பர் 2-3 இரவில் வாயு கசிந்தபோது அங்கே பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டிய குளிர்பதன அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடவேண்டிய கோபுரம், அரித்துப்போன ஒரு குழாய்த் துண்டை மாற்றுவதற்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவவேண்டிய அமைப்பு தயார்நிலையில் இல்லை. ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டாக இருந்த ஆட்கள் ஆறாகக் குறைக்கப்பட்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட முதல் நாள் உற்பத்தியை நிறுத்தியிருக்காது. நகரத்தின் சாவு இப்படித்தான் வெகுநாளாக ஆலைக்குள் மறைந்து கிடந்தது.

3

எல்லாம் சரி, கணக்குப் போடப் புள்ளிவிவரம் வேண்டாமா? 1978-லேயே ரெஸ்னிகாஃப் என்ற கணிதவியலாளர் இதிலுள்ள முரணைச் சுட்டிக்காட்டினார். எந்தப் பழுது மிக ஆபத்தானதோ அதைப் பற்றித்தான் நமக்கு அதிகத் தகவல் தேவை. ஆனால் அந்தப் பழுது நடந்தால்தான் தகவல் கிடைக்கும். நடக்கவிடாமல் தடுப்பதே பராமரிப்பின் நோக்கம். எனவே பராமரிப்பு வெற்றி பெறப்பெற அதன் அறிவு ஆதாரம் சுருங்கிக்கொண்டே போகும். உயிரைப் பறிக்கிற பழுதைப் பற்றிய புள்ளிவிவரம் என்பது செத்தவர்களின் பட்டியல்தான்.

இது வெறும் தர்க்க விளையாட்டு இல்லை. ‘இதுவரை ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். இந்தப் பராமரிப்பு தேவையில்லை என்று ஒருவர் படிப்பார். இந்தப் பராமரிப்பால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று மற்றவர் படிப்பார். இரண்டு வாசிப்பில் எது ஜெயிக்கும் என்பதைப் புள்ளிவிவரம் தீர்மானிக்க முடியாது. அங்கே வேறொன்று தீர்மானிக்கிறது.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 என்ற விமானத்தின் கதை இதற்கு உதாரணம். 2000 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் அது கடலில் விழுந்தது. இருந்த 88 பேரும் இறந்தார்கள். வால்பகுதிச் சிறகை மேலும் கீழும் நகர்த்துகிற நீளமான ஒரு திருகும் அது ஓடுகிற நட்டும்தான் காரணம். கிரீஸ் இல்லாமல் நட்டின் மரைகள் தேய்ந்து, கடைசியில் பிய்த்துக்கொண்டன. அந்தத் திருகுக்கு 1987-இல் 500 பறத்தல் மணிக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவேண்டும் என்று இருந்தது. 1994-இல் அது 1,600 மணி ஆயிற்று. 1996-இல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் 2,550 மணி. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் விதிப்படி அனுமதி உண்டு. அந்த நீட்டிப்புகளுக்குப் போதிய தொழில்நுட்ப ஆதாரம் இல்லை என்று பின்னால் விசாரணை வாரியம் சொன்னது. இதுவரை பிரச்சனை வந்ததில்லை என்பதே ஆதாரமாகிவிட்டது.

இன்னொரு விவரம். 1997-இல் ஒரு மெக்கானிக் அந்த விமானத்தின் திருகில் உள்ள ஆட்டத்தை அளந்தார். அளவு சரியாக அனுமதி எல்லையில் நின்றது: 0.040 அங்குலம். மாற்றணும் என்று எழுதிவைத்தார். பிறகு திரும்ப அளந்தார்கள், 0.033 வந்தது, விமானத்தை அனுப்பிவிட்டார்கள். இது ஒரு திருகு உடைந்தால் விமானத்தைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. மூல முறையை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் ‘வடிவமைப்பை மாற்று’ என்ற பதில் வந்திருக்கவேண்டிய இடம் இது. ஆக, முறை தோற்றது என்று நான் சொல்லவில்லை. முறை தந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு முறை விதித்த கறாரை விட்டுவிட்டார்கள் என்கிறேன்.

4

இனி இரண்டாவது முறை. ஆபத்துவழிச் சோதனை முக்கியமாக எண்ணெய், ரசாயன ஆலைகளின் பைப்புகள், கலன்கள், தொட்டிகள் சம்பந்தப்பட்டது. 1990-களில் எண்ணெய்க் கம்பெனிகள் கூடி, தங்கள் சங்கமான அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் மூலம் இதை உருவாக்கின. விதிநூலின் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. இன்று உலகம் முழுவதும் இதுவே வழக்கு. விதியை எழுதியவர்கள் யார் என்பது கவனிக்கத்தக்கது.

இதன் ஆரம்ப நியாயம் வலுவானது. ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ஆயிரக்கணக்கான பைப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கெடுவில் சோதித்தால், ஆபத்தில்லாத தண்ணீர் பைப்புக்கும் கொதிக்கும் எண்ணெய் ஓடுகிற பைப்புக்கும் ஒரே கவனம்தான் கிடைக்கும். மொத்த ஆபத்தின் பெரும்பகுதி சில கருவிகளிடம்தான் குவிந்திருக்கிறது. அவற்றைக் கண்டுபிடித்து அங்கே உழைப்பைச் செலவிடு என்கிறது இம்முறை. இதை மறுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி? ஆபத்து என்பது உடைவதற்கான வாய்ப்பையும் உடைந்தால் வரும் விளைவையும் பெருக்கினால் வருவது. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, ஒரு பக்கம் வாய்ப்பு, மறுபக்கம் விளைவு என்று ஒவ்வொரு கருவியையும் ஒரு கட்டத்தில் அமர்த்துகிறார்கள். மேல் மூலை சிவப்பு, கீழ் மூலை பச்சை. பச்சையில் உள்ளதின் சோதனையைத் தள்ளிப்போடலாம்.

பெருக்கல் என்பது அப்பாவியான செயல்போலத் தெரியும். ஆனால் பெருக்கினால் வரும் எண்ணில் எது எதனோடு பெருக்கப்பட்டது என்ற தடயம் அழிந்துபோகிறது. தினமும் ஒழுகுகிற சின்னப் பைப்பும், ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஊரையே கொளுத்தக்கூடிய தொட்டியும் ஒரே எண்ணாகலாம். ரெஸ்னிகாஃப் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆயிரம் என்ற எண் யாரும் அளந்து பெற்றதல்ல, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒப்புக்கொண்டது.

விளைவை எப்படி அளக்கிறார்கள்? எத்தனை சதுர அடிப் பரப்பு பாதிக்கப்படும் என்பது ஒரு வழி. பணமாக மாற்றுவது மற்றொரு வழி. பணமாக மாற்றும் சூத்திரத்தில் கருவியின் விலை, உற்பத்தி நின்ற நஷ்டம், சுற்றுச்சூழல் சுத்தம் செய்யும் செலவு இவற்றோடு இன்னொரு உறுப்பும் உண்டு. பாதிக்கப்படும் பரப்பு, அங்குள்ள ஆட்களின் அடர்த்தி, ஓர் ஆள் காயம்பட்டால் அல்லது இறந்தால் ஆகும் செலவு: மூன்றையும் பெருக்கவேண்டும். அந்தக் கடைசி எண்ணைக் கம்பெனியே நிரப்பிக்கொள்ளவேண்டும். உயிருக்கு விலை போடுவது பற்றி நாம் உருவகமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே அது ஒரு காலியிடமாக, நிரப்பப்படுவதற்காகக் காத்திருக்கிறது. நஷ்ட ஈடு மலிவாக உள்ள நாட்டில் அந்த எண் சிறியதாகும். எண் சிறியதானால் கட்டம் பச்சைக்கு நகரும். பச்சைக்கு நகர்ந்தால் சோதனை தள்ளிப்போகும். ஏழை நாட்டின் பைப் அதே பைப்பாக இருந்தும் குறைவாகவே பார்க்கப்படுவதற்கான வழி சூத்திரத்திலேயே திறந்திருக்கிறது. செல்வப் பங்கீட்டுக்கான போராட்டத்தோடு ஆபத்துப் பங்கீட்டுக்கான போராட்டமும் சேர்ந்துவிட்டது என்று உல்ரிஷ் பெக் 1986-இல் எழுதினார். அந்தப் பங்கீடு நடக்கிற அன்றாட இடங்களில் இந்த இருபத்தைந்து கட்டங்களும் அடங்கும்.

5

வளர்ந்த நாட்டில் மட்டும் ஒழுங்காக நடக்கிறதா? கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் உள்ள செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஆகஸ்ட் 6 அன்று ஒரு பைப் உடைந்தது. எண்ணெயில் உள்ள கந்தகம் இரும்பை உள்ளிருந்து அரிக்கும். இரும்பில் சிலிக்கான் குறைவாக இருந்தால் அரிப்பு வேகமாகும். அந்தப் பைப்லைனில் வெவ்வேறு சிலிக்கான் அளவுள்ள துண்டுகள் கலந்திருந்தன. தடிமன் அளக்கிற இடங்கள் நல்ல துண்டுகளில் இருந்தன. மோசமான துண்டில் இல்லை. அளவுகள் எல்லாம் ஓரளவு சரியாகவே வந்துகொண்டிருந்தன. எல்லாத் துண்டுகளையும் பார்க்கவேண்டும் என்று கம்பெனியின் சொந்தத் தொழில்நுட்ப ஆட்களே 2009-இல் பரிந்துரைத்தார்கள். 2011-இல் ஆலையை நிறுத்திப் பராமரித்தபோதும் அது நடக்கவில்லை. உடைந்த அன்று முதலில் சின்னக் கசிவுதான் தெரிந்தது. ஆலையை நிறுத்தாமலேயே காப்புறையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைப் கிழிந்து, ஆவி சூழ்ந்து, 19 தொழிலாளர்கள் மயிரிழையில் தப்பினார்கள். அடுத்த நாட்களில் சுற்றுவட்டார மக்களில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவியை நாடினார்கள். அந்த மக்களில் யாரும் ஆலையின் கட்டங்களை நிரப்பும் மேஜையில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

இந்த மேஜை பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நான் சில காலம் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே இந்தக் கட்டங்களை நிரப்ப ஏ.சி. அறையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. கன்சல்டன்ட், இன்ஜினியர்கள், இன்ஸ்பெக்ஷன்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பைப்லைன் வந்தபோது ‘காப்புறையின் நிலை?’ என்று கணினி கேட்டது. யாரோ ‘நல்ல நிலை’ என்றார், அடித்துவிட்டார்கள். சாயங்காலம் டீக்கடையில், தகரம் கட்டும் காண்ட்ராக்ட் ஆள் ஒருவரிடம் அந்த லைனைப் பற்றிக் கேட்டேன். “அந்த வளைவு கிட்டயா சார்? தகரம் வாயத் தொறந்துட்டு ரெண்டு வருஷமாச்சு. உள்ள பஞ்சைப் புழிஞ்சா தண்ணி வரும்” என்றார். யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். “யாரு சார் கேட்டாங்க?”

காப்புறைக்குள் ஈரம் தங்கினால் பைப் வெளியிலிருந்து அரிக்கும் என்பது பாடப்புத்தக விஷயம். சூத்திரத்தில் அதற்கென்றே கட்டம் இருக்கிறது. எனவே சூத்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அறிவு ஒருவரிடம் இருக்கிறது; அதைப் பதிவு செய்கிற அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. அந்த ஆள் ஆலையின் ஊழியர்கூட இல்லை. அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் மாறினால் அவரும் மாறிவிடுவார். அந்த வளைவைப் பற்றிய ஞாபகமும் அவரோடு போய்விடும். பராமரிப்பை வெளியாட்களிடம் விடுவது கூலியைக் குறைக்கிற ஏற்பாடு என்று மட்டும் நாம் பார்த்துவந்திருக்கிறோம். அது ஆலையின் ஞாபகத்தையும் அழிக்கிறது. ஆபத்து மட்டும் அவர்களிடமே தங்குகிறது. 2020-இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு கொதிகலன் விபத்துகள் நடந்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

6

அப்படியென்றால் பழைய காலக்கெடு முறைக்கே திரும்பலாமா? சில தொழிற்சங்க நண்பர்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஆள்குறைப்புக்கு எதிரான கேடயமாக அது பயன்படும் என்பது அவர்கள் எண்ணம். இதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையில்லாமல் பிரிப்பதும் ஆட்களைக் கொல்லும். ஆலையை நிறுத்தித் திரும்பக் கிளப்புகிற சமயம்தான் ஆபத்தான சமயம். பழைய முறையும் மக்களைக் கேட்டு வந்ததல்ல. அங்கே நிர்வாகத்தின் பழக்கம் ஆண்டது, இங்கே நிர்வாகத்தின் கணக்கு ஆள்கிறது. கணக்கு என்றால் குறைந்தபட்சம் அது எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம், கட்டுடைக்கலாம். அந்த வகையில் புதிய முறை நமக்குத் தரும் வாய்ப்பு அதிகம்.

ரிச்மண்டுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் தொழிற்சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து போராடிய பின், சுத்திகரிப்பு ஆலைகளுக்கான புதிய விதிகள் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. எந்தப் பைப் எதனால் அரிக்கிறது என்பதைக் கம்பெனி ஆய்ந்து எழுதிவைக்கணும். அந்த ஆய்வுகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் பங்குபெறணும். ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரத்துக்கு வழிமுறை இருக்கணும். நம் நாட்டிலும் போபாலுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-ஜி, 41-எச் என்ற பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அபாயகரமான செய்முறை உள்ள ஒவ்வொரு ஆலையிலும் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது முதலாவது. உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது இரண்டாவது. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 22-ஆம் பிரிவோ, குழு அமைக்கும்படி அரசு ஆணையிடலாம் என்கிறது. ‘வேண்டும்’ என்பதிலிருந்து ‘லாம்’ என்பதற்கு வந்திருக்கிறோம். இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இந்த விகுதி மாற்றத்தின் கனம் புரியும்.

செயல்பாட்டாளர்களாகிய நாம் ஆலைவாசலில் கேட்கவேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. எந்தெந்தக் கருவிகள் பச்சைக் கட்டத்தில் இருக்கின்றன, யார் நிரப்பினார்கள்? கடந்த பத்து வருஷத்தில் எந்தெந்தச் சோதனையின் இடைவெளி நீட்டிக்கப்பட்டது, என்ன ஆதாரத்தில்? பாதுகாப்பு வால்வுகளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், எத்தனை செத்துக் கிடந்தன? ஓர் ஆளின் சாவுக்கு என்ன எண் போட்டீர்கள்? கூட்டத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி யாராவது உட்கார்ந்தாரா? ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை எந்த வருஷத்துக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள்? பதில் தரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். வியாபார ரகசியம் என்பார்கள். ஆனால் கேள்வி இவ்வளவு துல்லியமாக வரும்போது, ‘ஆலையை மூடு’ என்ற கோஷத்துக்குச் சொல்கிற வழக்கமான பதிலைச் சொல்லித் தப்ப முடியாது. இந்தத் துல்லியத்தைக் கற்றுக்கொள்வது தொழிலாளர்களோடு உட்கார்ந்தால்தான் நடக்கும். எந்த வளைவில் பஞ்சு ஈரமாக இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.